சாமித்தட்டில் இருந்த கருடாழ்வார்

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்துப் பழஞ்சாமான் சந்தையில் அம்மா அதை வாங்கியதற்குக் காரணம் கருடாழ்வார்தான். உள்ளங்கை நீளத்தில் ஓர் இரும்புக் கூடு. பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். ஓரத்தில் சிறகு விரித்த ஒரு குட்டிப் பறவை முத்திரை. ஊதுபத்தி குத்துவதற்கென்றே பெருமாள் அனுப்பிவைத்தது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். ஆறு மாதம் அது சாமித்தட்டில் படுத்திருந்து வீட்டை மணக்கவைத்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஒழுங்காக டெனிஷ் கதைப்பது நான் ஒருத்திதான் என்பதால் மொழிபெயர்ப்பு உத்தியோகம் எனக்கு. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கி அகதி விசா முடிவுக்காகக் காத்திருந்தார். ஊரில் தையல்காரராக இருந்தவர் என்று அவருடைய கேஸில் எழுதியிருந்தது. அவருடைய சட்டைக்கு அம்மாதான் பொத்தான் தைத்துக் கொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டெனிஷ் பெரியவர் கோப்பி குடிக்க வந்தார். பழைய இராணுவச் சாமான் சேகரிப்பவர். சாமித்தட்டைக் கண்டதும் கோப்பியை மறந்துவிட்டார். அனுமதி கேட்டு அதை எடுத்து, சாம்பலைத் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார்.

"இது பிஸ்டலுக்குக் குண்டு அடைக்கிற கூடாம், மகசினாம்," என்று நான் மொழிபெயர்த்தேன். "ஜெர்மன்காரர் இரண்டாம் உலகச் சண்டைக்குச் செய்ததாம். இது கருடன் இல்லையாம், பரிசோதிச்ச அதிகாரியின்ரை முத்திரையாம். செய்த பக்டரி தன்ரை பேரைப் போடாமல் எழுத்து மட்டும் குத்தியிருக்காம். ஆர் செய்ததெண்டு தெரியக்கூடாதாம்."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதுக்கோ நான் பூ வைச்சனான்?"

பெரியவருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. வேறு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க அடித்தகட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்த ஸ்பிரிங் துள்ளிப் பாய்ந்து கேசரித் தட்டில் விழுந்தது. துடைத்து உள்ளே திணித்தார். மறுபடியும் வெளியே வந்தது. மூன்றாம் முறை அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தட்டியது.

மூலையில் இருந்த மாமா கை நீட்டி அதை வாங்கினார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் மாட்டி மேசையில் வைத்தார்.

நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"தையல் மெசினுக்கும் உப்பிடித்தான் ஸ்பிரிங் எண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை," என்றார் மாமா.

சொன்னேன். நேர்மையான மொழிபெயர்ப்பாளர் என்பதால், மாமாவுக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பொத்தானைத் தொட்டுக் காட்டியதில் அம்மாவுக்கும் அது விளங்கிவிட்டது. என் தொடையில் நுள்ளினார்.

பெரியவர் மாமாவின் விரல்களைப் பார்த்தார். பிறகு, அம்மா கும்பிடாத குறையாகக் கொண்டுபோகச் சொன்ன அந்த மகசினைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "நல்ல தையல்காரர்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பற்றி அவர் பிறகு வாய் திறக்கவேயில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா, வேலைக்குப் போயிருந்த அப்பாவின் சட்டையோடு இருந்தார். அவர் பொத்தான் தைத்தார்; தைத்து முடித்ததும் அம்மா அதை வெட்டினார்; அவர் மறுபடியும் தைத்தார். விரலெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். என்னால்தான் இவருக்கு மானம் போனது என்று பாவமாக இருந்தது. பக்கத்தில் இருந்து நூல் கோத்துக் கொடுத்தேன்.

"வடிவாப் பழகிப்போட்டியள் மாமா."

"பழகினதெண்டு சொல்லாதை பிள்ளை. ஆரும் கேட்டால், மாமா சின்னனிலையிருந்து தைக்கிறவர் எண்டு சொல்லு."

ஒரு பொத்தானுக்கு இவ்வளவு பெருமையா என்று எனக்குக் கோபம் வந்தது.