மூன்றாம் தடவை கேட்கிற வரைக்கும்

கார்பின் ஹால்வர்சனுக்கு அந்த விருது வேண்டும். வேண்டும் என்று ஒருவரிடமும் வாய்திறந்து சொல்ல முடியாத அளவுக்கு வேண்டும். மினசோட்டாவின் வடகோடியில், வருஷத்தில் பாதி நாள் பனியில் புதைந்து கிடக்கும் எங்கள் டன்வுட் ஊரில் ஒருவன் ஒன்றை வேண்டும் என்று கேட்டுவிட்டால், அவனை விட்டுவிட்டு அவனைப் பெற்றவர்களைத்தான் முதலில் பேசுவார்கள்.

விருதின் பெயர் இளம் சமூகத் தலைவர் விருது. பொதுச்சேவைக்கு நேர்ந்துவிட்ட மாதிரி உழைக்கும் இளைஞர்களுக்கு என்று ஊர்ச் சங்கம் வருஷா வருஷம் கொடுப்பது. பொருளாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வார்னிஷ் பூசிய ஒரு மரப்பலகை, நடுவில் பித்தளைத் தகடு. ஆனால் வாங்கியவர் படம் மளிகைக் கடை வாசலில், தள்ளுவண்டிகள் நிற்கிற இடத்துக்கு மேலே, ஒரு வருஷம் முழுக்கத் தொங்கும். முப்பது வயதோடு தகுதி போய்விடும். கார்பினுக்கு ஏப்ரலில் முப்பத்தொன்று. நான்கு தடவை அவன் பெயர் பேசப்பட்டு நான்கு தடவையும் நழுவியிருக்கிறது. இதையும் விட்டால் அவன் இளைஞனும் இல்லை, தலைவனும் இல்லை. அம்மா வீட்டு மாடியில் குடியிருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு நகர மன்றத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் இருபது வருஷமாக உட்கார்ந்திருந்த கிழவர் எமில் முட்டிவலிக்குப் பயந்து அரிசோனா வெயிலுக்குக் குடிபோய்விட்டார். மேயர் வெர்னா ஸ்டப்தான் விருதுக் கமிட்டிக்கும் தலைவி. அந்த அம்மாள் கார்பினின் அம்மா லோர்னாவிடம் கடையில் முட்டை பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இந்த வருஷம் விருது வாங்குற பிள்ளையவே அந்த சீட்ல உக்கார வெச்சிடலாம்னு இருக்கேன் லோர்னா. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உன் பையனுக்கு நல்ல கோட் ஒண்ணு இருக்குல்ல?"

லோர்னா வீட்டுக்கு ஓடிவந்தாள். "உனக்குத்தான்டா!" என்றாள்.

"சேச்சே, இருக்காதும்மா" என்றான் கார்பின். அன்று மாலையே கோட்டைச் சலவைக்குப் போட்டான்.

அவன் சேவையே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஏரியைச் சுத்தம் செய்யும் நாள் என்று ஒன்று நடத்தினான். அதற்காக அச்சடித்த பச்சைச் சட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் வந்தன. காற்றடித்து அந்தப் பைகள் அத்தனையும் ஏரியில் போய் விழுந்தன. வயதானவர்கள் வீட்டு வாசலில் பனி அள்ளிப்போட 'பனி நண்பர்கள்' என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தான். அதற்குச் சின்னமாக பென்குவினா, கரடியா என்று கூட்டம் மேல் கூட்டம் போட்டு, பென்குவின் என்று முடிவாவதற்குள் பனி உருகி டியூலிப் பூத்துவிட்டது. இந்த நாட்டுப் பக்கமே பென்குவின் கிடையாது என்று யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை. அதுதான் எங்கள் ஊர். முகத்துக்கு நேரே உண்மை சொல்வதைவிட ஆளைக் குப்புறத் தள்ளுவது மேல் என்று நினைக்கிற ஊர்.

ஒருவர் வீட்டுக்குப் போனால், காபி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அட, கொஞ்சம் குடியுங்கள் என்பார்கள். இல்லை, உங்களுக்கு ஏன் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று இறங்கிவர வேண்டும். முதல் தடவையே கை நீட்டுகிறவன் காட்டுமிராண்டி. எந்த விருந்திலும் கடைசி எலுமிச்சை கேக் துண்டை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். பாதி வெட்டி எடுப்பார்கள், அந்தப் பாதியில் இன்னொருவர் பாதி, கடைசியில் எறும்புக்குக்கூடப் போதாத துணுக்கு ஒன்று தட்டின் நடுவில் மானத்தோடு உட்கார்ந்திருக்கும்.

இந்த வளர்ப்பில் கார்பின் முதல் மாணவன். ஐந்தாவது பிறந்தநாளில் தன் கேக்கையே தனக்கு வேண்டாம் என்றவன். பள்ளி கடைசி வருஷத்தில், சிகாகோவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் நடன விருந்துக்கு அவனை அழைத்தாள். "என்னை விட நல்ல பையன் உனக்குக் கிடைப்பான்" என்றான் முறைப்படி. அந்தப் பெண் யோசித்துப் பார்த்துவிட்டு, நல்ல பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். கார்பின் வாசலில் பூவோடு நின்றான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது உலகத்துக்கெல்லாம் தெரியும். எங்கள் ஊரில் மட்டும் அழுத பிள்ளையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

டெஸ் மாக்கெலா அப்படி முகம் சுளிக்கப்பட்டே வளர்ந்தவள். வீட்டில் ஏழு பிள்ளைகள். சட்டி மேஜைக்கு வந்ததும் கை நீட்டாதவனுக்கு அன்று பட்டினி. அந்தப் பழக்கம் விட்டுப்போகவே இல்லை. காபி வேண்டுமா என்றால் "குடுங்க" என்பாள். கடைசித் துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு "நல்லாருக்கு" என்பாள். வீடுகளுக்கு எரிவாயு கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. தன் டிரக்கின் முன்னால் பனி தள்ளும் பெரிய இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு, போகிற வழியில் கிழவன் கிழவி இருக்கிற வீட்டு வாசலையெல்லாம் தள்ளிவிட்டுப் போவாள். யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. அவசரத்தில் தபால் பெட்டிகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவாள். சாய்ந்து கிடக்கும் பெட்டியைப் பார்த்தாலே டெஸ் வந்துபோனது தெரியும்.

அவளுக்கு வயது இருபத்தாறுதான். கமிட்டியில் ஒரு வருஷம் யாரோ அவள் பேரை எடுத்தார்களாம். "நல்ல பொண்ணுதான். ஆனா அடக்கம்னு ஒண்ணு இருக்கு பாருங்க" என்று வெர்னா இழுத்தாளாம். பேச்சு அதோடு முடிந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருது விருந்து. கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்த ஹாட்டிஷ் எட்டு வீட்டிலிருந்து எட்டு மாதிரியாக வந்திருந்தது, ருசி மட்டும் ஒன்றே. வெளியே பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கார்பின் சலவைக் கோட்டில் முதல் மேஜையில் உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவன் மாதிரி கேரட் போட்ட பச்சை ஜெல்லியைக் கிளறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் லோர்னா கைக்குட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள்.

வெர்னா எழுந்தாள். "இந்த வருஷத்து இளம் சமூகத் தலைவர், நம்ம கார்பின் ஹால்வர்சன்!"

கைதட்டல். பலகையின் பித்தளைத் தகட்டில் இன்னும் பெயர் இல்லை. பெயரை முன்னாலேயே வெட்டிவிட்டால், மறுக்க இடம் கொடுக்காத மாதிரி ஆகிவிடும் அல்லவா? அது மரியாதை இல்லை. விருது வாங்குகிறவர் இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்ட பிறகுதான் வெட்டுவார்கள்.

கார்பின் எழுந்து நெஞ்சில் கை வைத்தான். "அய்யோ, எனக்கா? நான் என்னங்க பண்ணிட்டேன்? இதுக்குத் தகுதியானவங்க இந்த ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். முதல் மறுப்பு சுத்தம்.

"இல்ல தம்பி, உனக்குத்தான். வா, வந்து வாங்கிக்கோ" என்றாள் வெர்னா.

இப்போது இரண்டாவது. இதுவரை வாங்கியவர்கள் எல்லாரும் 'இல்லைங்க, நிஜமாவே' என்று முனகியதோடு சரி. கார்பினுக்கு அது போதவில்லை. நான்கு வருஷம் காத்திருந்தவன் வெறும் முனகலோடு வாங்குவானா? ஊர் காலத்துக்கும் சொல்லிச் சொல்லி வியக்கிற மாதிரி ஒரு மறுப்பைக் கண்ணாடி முன் நின்று வாரக்கணக்கில் பழகி வைத்திருந்தான். அதில் ஓர் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த விருந்துகளுக்கு எட்டியும் பார்க்காத ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான்.

"யாராவது இத வாங்கணும்னா, அது டெஸ் மாக்கெலாதான்" என்றான் குரல் தழுதழுக்க. "வயசானவங்க வாசல்ல பனி தள்ளினது யாரு? அவ. நான் கூட்டம் போட்டேன், அவ வேலைய முடிச்சா. நான் வெறும் பேச்சுங்க. இது எனக்குச் சொந்தமில்ல. அவளுக்குச் சொந்தம்."

என்ன கைதட்டல்! இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லோர்னாவின் கைக்குட்டை நனைந்தே போனது. கார்பின் தலை குனிந்து, மூன்றாவது அழைப்புக்காக ஒரு காலை லேசாக முன்னால் எடுத்து வைத்து நின்றான்.

நுணலும் தன் வாயால் கெடும். படிக்கட்டு அடியில், தோளெல்லாம் பனியோடு, டெஸ் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தைத் தள்ள வந்தவள், குறுக்கே நின்ற ஒரு காரை எடுக்கச் சொல்லலாம் என்று இறங்கி வந்திருக்கிறாள். சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. வெர்னாவுக்கு வேறு வழியில்லை. பெயர் சொல்லப்பட்ட ஆள் எதிரில் நிற்கும்போது ஒரு வார்த்தை கேட்காமல் விட முடியுமா? கேட்டால் அவளும் வேண்டாம் என்பாள், அப்புறம் கார்பினிடமே திரும்பிக்கொள்ளலாம் என்று வெர்னா கணக்குப் போட்டாள்.

"என்ன டெஸ், கார்பின் இவ்வளவு பெருந்தன்மையா சொல்றான். நீ வாங்கிக்கிறியாம்மா?"

டெஸ் கையுறையைக் கழற்றினாள்.

"சரி. குடுங்க" என்றாள்.

ஈரப் பூட்ஸ் தடம் பதிய நடந்து வந்து பலகையை வாங்கிக்கொண்டாள். தேவாலயம் கட்டிய நாள் முதல் அந்தக் கீழ்த்தளத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? மரியாதை இல்லை. கைதட்டாமல் இருக்கலாமா? அதுவும் மரியாதை இல்லை. ஆகவே ஒருவர் தட்ட, எல்லாரும் தட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் கார்பின். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"நன்றி" என்றாள் டெஸ். "கார்பின் சொன்னது சரிதான், நான்தான் தள்ளுறேன். வெளிய ஒரு நீலக் கார் நடுவுல நிக்குது. யாரோடதுன்னு பாத்து எடுத்தீங்கன்னா மிச்சத்தையும் தள்ளிடுவேன்."

நீலக் கார் கார்பினுடையது.

வெர்னா இன்னும் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. விருதோடு நாற்காலியும் உண்டு என்று கடையில் முட்டை பொறுக்கும்போது ஆரம்பித்த செய்தி இதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. "அப்புறம் டெஸ், நகர மன்றத்துல ஒரு இடம் இருக்கு... உனக்கு எங்க நேரம் இருக்கும், வேலைக்குப் போற பொண்ணு..." என்று அவளே மறுப்பையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"கூட்டம் என்னிக்கு?"

"திங்கக்கெழம சாயங்காலம்."

"திங்கக்கெழம எனக்கு லீவுதான். வரேன்."

கார்பின் படியேறி வெளியே வந்தான். முகத்தில் பனி அடித்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிற சாக்கில் வெளியே நின்றான். டெஸ்ஸின் டிரக் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னல் இறங்கியது. பலகை முன் கண்ணாடி ஓரம் கிடந்தது, அதன்மேல் அவளுடைய கையுறை.

"ஏய் கார்பின், உள்ள சொன்னியே, அது நிஜமா? இல்ல சும்மா பேச்சுக்கா?"

அவன் கண்ணாடியை இன்னும் வேகமாகச் சுரண்டினான்.

"ஏன் கேக்குறேன்னா, கீழ உன் மூஞ்சி சரியில்ல. எனக்கு இதுல ஒண்ணும் இல்லப்பா. உனக்கு வேணும்னா வேணும்னு சொல்லு. இந்தா, இப்பவே எடுத்துக்கோ. மன்றத்து சீட்டையும் சேத்து எடுத்துக்கோ. நானே வெர்னாகிட்ட போய்ச் சொல்றேன்."

பலகையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். கை எட்டும் தூரம். ஒரே ஒரு வார்த்தை. நான்கு வருஷத்து ஏக்கம், மளிகைக் கடை வாசலில் படம், எமிலின் நாற்காலி, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தன. அவன் வாயைத் திறந்தான்.

"சேச்சே, என்ன டெஸ் இது! அது உன்னோடது. நீயே வெச்சுக்கோ."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

"சரி" என்றாள் டெஸ். ஜன்னல் ஏறியது. டிரக் பனியை வாரிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. தேவாலயத்தின் தபால் பெட்டி சாய்ந்தது.

கார்பின் காருக்குள் வந்து உட்கார்ந்தான். லோர்னா இதற்குள் வந்து, காலி ஹாட்டிஷ் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் காத்திருந்தாள்.

"என்னடா சொன்னா?"

"வேணும்னா எடுத்துக்கோன்னா."

லோர்னா நிமிர்ந்தாள். "நீ?"

"வேண்டாம்னேன்."

"சரியாத்தான் சொன்ன. எத்தன தடவ கேட்டா?"

"ஒரு தடவ."

லோர்னா கண்ணாடி வழியே அந்த டிரக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே தடவையா? அட கடவுளே" என்றாள். "பெத்தவங்க ஒண்ணுமே சொல்லிக் குடுத்து வளக்கல பாரு."