விட்டுப்போன தாள்

அந்தோணி சார் இறந்த முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த வாரம், சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் சிறிய பதிப்பகம் நடத்தும் ஃபாதர் எனக்குப் போன் செய்தார்.

“சார் மொழிபெயர்ப்பை முடிச்சுட்டுத்தான் போயிருக்கார். நீங்க ஒரு தடவை அரபியோட ஒத்துப் பாத்துக் குடுத்தா அச்சுக்கு அனுப்பிடலாம்.”

பாக்தாதில் கலீஃபாவின் சபையில் கிறிஸ்தவத் துறவி ஒருவரும் முஸ்லிம் அறிஞர் ஒருவரும் நடத்திய பழைய விவாத நூல் அது. நான் கல்லூரியில் அரபி கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தோணி சார் குவைத்தில் வேலை பார்த்தபோது அரபி கற்றவர். ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டில்தான் இருவரும் வேலையைத் தொடங்கினோம். துறவியின் பேச்சை அவர் வாசிப்பார், அறிஞரின் பேச்சை நான். ஒருநாள் ஒரு சொல்லுக்கு என்ன தமிழ் போடுவது என்று தகராறு. “பாய், நீங்க உங்க ஆளுக்காகப் பேசுறீங்க” என்றார். எழுந்து வந்தவன்தான். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டும் போகவில்லை.

கே.கே. நகர் வீட்டில் நான் ஒற்றை ஆள். இரண்டு வாரம் இருவர் பேச்சையும் நானே வாசித்து ஒத்துப்பார்த்தேன். சில நாள் வேறு பேச்சே கிடையாது.

கடைசிப் பகுதியில், ‘அறிஞர் பதில் சொல்ல முடியாமல் மௌனமானார்’ என்றிருந்தது. அரபியில் அந்த வரி இல்லை. பழைய கையெழுத்து நூல்களில் தாளின் அடியில் அடுத்த தாளின் முதல் சொல்லை எழுதிவைப்பார்கள். தாள் கலைந்தாலும் வரிசை தெரியும். எங்களிடம் இருந்த நகலில் இந்த இடத்தில் தாளின் அடியில் இருந்த சொல் ஒன்று, அடுத்த தாள் தொடங்கிய சொல் வேறொன்று. நடுவில் ஒரு தாளைக் காணோம். அறிஞரின் பதில் அதோடு போய்விட்டது.

கோபத்தோடு ஸ்ரீரங்கம் போனேன். அவர் மனைவி ரோஸலின் டீச்சர் நோட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார் சார். ஓரத்தில் பென்சிலில், ‘பாயைக் கேட்கணும்.’

“போன் போடுங்கன்னு நானும் சொன்னேன். எடுக்க மாட்டார்னுட்டார். நீங்க எடுத்திருப்பீங்கதானே அண்ணே?”

“எடுத்திருக்க மாட்டேன், டீச்சர்.”

அவர் காப்பி போட உள்ளே போனார்.

அந்த வரியை எடுத்துவிட்டு, தாள் இல்லை என்று போடச் சொன்னேன். ஃபாதர் தயங்கினார். “தாள் இல்லைன்னு போட்டா புத்தகம் அரைகுறையா தெரியுமே?”

“அரைகுறைதான் ஃபாதர்.”

“மௌனமானார்னு சாரா சேத்தாரு?”

“பக்கத்துல உக்காந்து பாத்திருக்க வேண்டியவன் நான். என் தப்புன்னே வச்சுக்குங்க.”

‘இங்கே ஒரு தாள் கிடைக்கவில்லை, அறிஞரின் பதில் தெரியவில்லை’ என்று அச்சாகியது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பதில் கைக்கு வரவில்லை என்றால், அவரிடம் பதிலே இல்லை என்று எழுதாதீர்கள். கூட உட்கார்ந்து வேலை செய்கிறவரோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். மறுநாள் காலை போய் அதே நாற்காலியில் உட்காருங்கள்.