வாசித்துக் காட்டாத கடிதம்

என் கணவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று தெரியவந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கண்டியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழும் பூமிசாஸ்திரமும் படிப்பித்துக்கொண்டிருந்தார். கட்டுக்கலையில் ரயில் பாதைக்கு மேலே இருந்த ஒரு சிறிய வாடகை வீட்டில் குடியிருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் நானும் மட்டும்தான்.

அவர் வெகுநாள் மறைத்துவிட்டார். பத்திரிகையில் மை சரியில்லை என்பார், விளக்குத் திரியைக் குறை சொல்வார். வகுப்பில் பாடத்தைப் பிள்ளைகளைக் கொண்டே வாசிக்கச் சொல்வாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் தவறாமல் பாடிக்கொண்டிருந்தார். எல்லாம் மனப்பாடம். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். கொஞ்சத் தூரம் குடையால் பாதையைத் தட்டிக்கொண்டே நடந்தார். பிறகு, ஆறு மாதமாகவே எல்லாம் புகைமூட்டத்துக்குள் இருப்பதுபோலத்தான் தெரிகிறது என்று ஒத்துக்கொண்டார்.

கண் டொக்டர் கொழும்பிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கண்டிக்கு வருவார். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, இடக்கண்ணில் அதிகம், ஆனால் இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகுதான் எடுக்கலாம் என்றார். அதற்கான நாள் வரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரும் என்றும் சொன்னார். வெட்டும்போது நோகாது, மரத்துப்போக மருந்து விடுவார்கள். அதற்குப் பிறகுதான் கஷ்டம். பத்து நாள் இரண்டு கண்ணையும் கட்டிப்போட்டு, தலையின் இரு பக்கமும் மணல் மூட்டையை அணைத்து வைத்து, மல்லாந்தபடி படுத்துக் கிடக்க வேண்டும். திரும்பக் கூடாது. தும்மக் கூடாது. இருமக் கூடவே கூடாது. இருமினால் வெட்டின இடம் திறந்துகொள்ளும், கண் போய்விடும்.

என் கணவர் சிரித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பத்து நாள் வாயைத் திறக்காமல் இருப்பதைவிட இது சுலபம் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்கழிப் பனி இறங்கினால் அவருக்கு இருமல் பிடிக்கும். கரும்பலகை வெண்கட்டித் தூளும் சேர்ந்துகொண்டால் மாசிவரை விடாது. எங்கள் வரிசையில் நாலாவது வீட்டில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு கிளாக்கர் இருந்தார். அவருக்கும் இதே ஒப்பரேசன் செய்தார்கள். இரண்டாம் நாள் அடக்க முடியாமல் தும்மிவிட்டதாக அவரே எல்லாருக்கும் சொல்வார். அந்தக் கண் உள்ளே சுருங்கிப்போய், இமை ஒட்டிக்கிடந்தது. ஞாயிறு தவறாமல் கோவிலில் அவருடைய முகத்தைப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்கவும் முடியாது.

அந்த வருஷம் யேசு பாலன் பிறந்த நத்தார்ப் பண்டிகை கழிந்து நாலைந்து நாளில் கடிதம் வந்தது. அவர் கடைக்குப் போயிருந்தார். ஆங்கிலத்தில் நாலே வரி. கன்னியாஸ்திரீகளிடம் நான் படித்த படிப்பு அதை வாசிக்கப் போதுமாயிருந்தது. தை மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வாசற்படியில் அவர் இருமும் சத்தம் கேட்டது. நெஞ்சைப் பிளக்கிற மாதிரி ஒரு இருமல். இருமி முடிக்கும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடிதத்தை அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். இருமல் கொஞ்சம் தணியட்டும், ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். திப்பிலியும் தேனும் கொடுத்தேன். ஆடாதோடை இலையை அவித்துக் கொடுத்தேன். எண்ணெயைச் சூடு காட்டி மார்பில் தடவினேன். இருமல் தணியவில்லை. ஒவ்வொரு நாளும் வெளியே போய் வந்ததும், தபால் ஏதும் வந்ததா என்று கேட்பார். இல்லை என்பேன். முதல் நாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அதைச் சொன்னேன். நாலாம் நாள் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. வழக்கம்போலக் கோப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு, படிகளை எண்ணி இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போனார். எட்டு மணி அடித்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த தண்ணீரை ஊற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இனிச் சொல்லி என்ன பயன் என்று ஒரு மனம் சொல்லிற்று. அடுத்த முறை வரும், அப்போது சொல்லலாம் என்று இன்னொரு மனம் சொல்லிற்று. அடுத்த முறைக்கு யார் எழுதிக் கேட்பது என்று நான் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, நல்ல மழை பெய்த ஒரு பின்னேரம், அவரை ரிக்ஷாவில் கொண்டுவந்து இறக்கினார் தெருமுனைக் கடைக்காரர். அவர் மடவளைப் பக்கத்து முஸ்லிம் மனிதர், எங்களிடம் பிரியமாகப் பழகுகிறவர். மழைத் தண்ணீர் ரோட்டையும் அதன் ஓரத்துச் சாக்கடைக் கானையும் ஒன்றாக்கிவிட்டதில் என் கணவர் கான் என்று தெரியாமல் காலை வைத்து விழுந்திருக்கிறார். முழங்கால் கிழிந்து, கைவிரல் மூட்டெல்லாம் தோல் உரிந்திருந்தது. கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்.

“தங்கச்சி, மாஸ்டரை இனித் தனிய விட வேணாம். நல்ல காலம், பஸ் தள்ளி வந்தது.”

அதே வாரம் தலைமையாசிரியரும் அவரை அழைத்து, சில மாதம் ஓய்வு எடுத்துக்கொண்டால் என்ன என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது என் கணவர் குரலில் கோபமோ வருத்தமோ தெரியவில்லை. சாப்பாட்டை முடித்துவிட்டு, கதிரையை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், தான் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்றார்.

பேனாவை எடுத்தேன். அவர் தலையை நிமிர்த்தி, வகுப்பில் சொல்வதெழுதுதல் கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். ஐயா, கண்ணுக்குச் சிகிச்சை செய்வதற்கான நாளை அறிவிப்பதாகத் தாங்கள் சொல்லியிருந்தீர்கள். இதுவரை எனக்கு எந்தக் கடிதமும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. அவர், எழுதியாயிற்றா என்று கேட்டார். பேனாவைக் கீழே வைத்தேன். மறுபடி கேட்டார்.

“கடிதம் வந்துச்சுங்க,” என்றேன்.

“எப்ப?”

“நத்தார் முடிஞ்சதும். போன மாசம் ரெண்டாவது திங்கக்கிழமை போயிருக்கணும். நீங்க இருமிக்கிட்டிருந்தீங்க. நான்தான் எடுத்து வச்சுட்டேன்.”

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காயம் பட்ட கையால் மேசையைத் துழாவி, பாதி எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கீழே பேராதனைப் பக்கம் போகிற ரயில் ஒன்று போய் முடிந்தது. பிறகு கேட்டார்.

“இனி நான் யாரை நம்பி வாசிக்கச் சொல்றது?”

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு சக ஆசிரியரைக் கொண்டு அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு பத்திரிகையைக்கூட என்னிடம் கொடுக்கவில்லை. பின்னேரங்களில் தெருமுனைக் கடைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு கடைக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். வீட்டில் வேண்டியதைக் கேட்பார், நான் கொடுத்ததைச் சாப்பிடுவார். சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் என்னிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதும் இல்லை. அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூட விலாசத்துக்குப் பதில் வந்த அன்று அதையும் சக ஆசிரியரே வாசித்துச் சொல்லியிருக்கிறார். பங்குனியில் ஒரு புதன்கிழமை என்று வீட்டுக்கு வந்து எனக்கு அறிவித்தார். அவ்வளவுதான். அன்று பின்னேரம் என்னிடமிருந்த பழைய காக்கித் துணியை வெட்டி, முழ நீளத்துக்கு இரண்டு பைகள் தைத்தேன். மகாவலி ஆற்றங்கரையில் மணல் அள்ளுகிற ஒருவரிடம் சொல்லி மணல் எடுப்பித்து, வறுத்து, ஆறவைத்து நிரப்பினேன். மறுநாள் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, தினமும் கொஞ்ச நேரம் படுத்துப் பழகினால் என்ன என்று கேட்டேன். அவர் பைகளைத் தடவிப் பார்த்தார். போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்தார்.

நான் தலைக்கு இரு பக்கமும் பைகளை அணைத்து வைத்து, கண்களை என் பழைய சேலைத் துணியால் கட்டினேன். முதல் நாள் கால்மணி நேரத்தில் இருமல் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து இருமித் தீர்த்தார். இரண்டாம் நாள் அரைமணி நேரம். இருமல் வரப்போகிறது என்றால் விரலைத் தூக்கிக் காட்டுவார். நான் தேன் கலந்த வெந்நீரைக் கரண்டியால் ஒரு சொட்டு நாக்கில் விடுவேன். நான் அதற்கென்றே கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருப்பேன். பேசக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒரு நாள் அவரே அதை முறித்தார். கண்ணைக் கட்டியபடியே, எதற்காக அப்படிச் செய்தாய் என்று கேட்டார். நாலாவது வீட்டுக் கிளாக்கருடைய கண்ணைப் பற்றிச் சொன்னேன். இவருடைய கண்ணும் அப்படிப் போனால் இந்த வீட்டில் நான் ஒருத்தியாக என்ன செய்வேன் என்று பயந்ததையும் சொன்னேன். அவர் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினார்.

“எனக்கும் பயந்தான். கடிதம் வரலன்னு நீ சொன்ன ஒவ்வொரு நாளும் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. அதான் எனக்கு உன் மேல அவ்வளவு கோவம்.”

அதைக் கேட்டு அழுதுவிட்டேன். தலையைத் திருப்ப முடியாமல், கையை மட்டும் என் பக்கம் நீட்டித் துழாவினார். அன்று முக்கால் மணி நேரம் இருமாமல் கிடந்தார்.

புதன்கிழமை அவரை உள்ளே கொண்டுபோனபோது, தேவமாதாவை மன்றாடலாம் என்று செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு விறாந்தை வாங்கில் உட்கார்ந்தேன். பத்து மணி கொண்ட ஒரு காரணிக்கம்கூட ஓடவில்லை. எண்ணிக்கை பிசகி, திரும்பத் திரும்ப முதல் மணிக்கே வந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தள்ளுவண்டியில் அவரை வெளியே கொண்டுவந்தபோது முகம் பாதி கட்டுக்குள் இருந்தது. இடக்கண் புரையை நல்லபடியாக எடுத்தாயிற்று என்று நேர்ஸ் சொன்னாள். இனி எல்லாம் அவர் கையில்தான் என்றும் சொன்னாள்.

பகலில் என்னைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை, அடுத்த கட்டில்காரருக்கு யாரோ சாம்பிராணிப் புகை பிடித்துவிட்டார்கள். என் கணவரின் விரல் எழும்பியது. கரண்டியைக் கொண்டுபோவதற்குள் ஒரு இருமல், ஒரே ஒரு இருமல், வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தார். நான் ஓடிப்போய் நேர்ஸைக் கூட்டிவந்தேன். கண் கட்டுத் துணியில் இரத்தக் கறை இல்லை, டொக்டர் அவிழ்க்கும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். மிச்சம் ஏழு நாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவருக்கு வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். காயத்தின் ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கிறது, கண்மணி வட்டமாக இல்லை, ஆனாலும் கண் தப்பிவிட்டது என்றார். விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். என் கணவர் மூன்று என்றார். சரி. அடுத்து ஒன்று என்றார். அதுவும் சரி. என் பக்கம் திரும்பி, வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறாயா என்று கேட்டார். நான் கட்டியிருந்தது வெளிர்நீலம். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இல்லை, நீலம் என்றேன்.

விடுமுறை முடிந்து அடுத்த தவணை தொடங்கியதும், தடித்த கண்ணாடியோடு அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். கரும்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு எழுதுவார், பிள்ளைகள் அதை வீடுகளில் சொல்லிச் சிரித்ததாகவும் கேள்வி. பத்திரிகையில் தலைப்புகளைத் தானே வாசிப்பார், சின்ன எழுத்துக்கு என்னைக் கூப்பிடுவார். வலக்கண்ணைப் பிறகு புரை முழுவதும் மூடிவிட்டது. அதையும் எடுத்துவிடலாம் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். ஒரு கண் போதும் என்றார் இவர். போய்ச் செய்துகொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று அவர் படி இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் யோசிப்பேன்.