வேலையில் இல்லாத அறுபத்திரண்டு நாட்கள்

சட்டசபைக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து விழுந்து செத்தவனின் மனைவி என்பதால்தான் அவளுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. இடுப்பில் இரண்டு வயது மகள். உத்தரவுக் காகிதத்தில் "தற்காலிகம், ஆறு மாதம்" என்று இருந்தது. அதை நீட்டிய அதிகாரி, "ஆறு மாசம்ங்கிறது சும்மா ஒரு பேச்சுக்குத்தாம்மா. ஒழுங்கா வேலை பாத்தா தானா நிரந்தரம் ஆயிடும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் ஓய்வு பெற்றுப் போகிற வரைக்கும் அவரும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

உறுப்பினர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை. காதில் விழும்போது இதென்ன பெரிய வேலை என்றுதான் தோன்றும். காலை ஏழரைக்கெல்லாம் இருநூறு கண்ணாடி டம்ளர்களை வெந்நீரில் கழுவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து உதட்டுக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டம்ளர் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடாமலிருக்கத் தட்டில் ரப்பர் விரிப்பு. காலில் துணி அடி வைத்த செருப்பு. பேசுகிறவருக்கும் சபைத் தலைவருக்கும் குறுக்கே போகக் கூடாது; பின்வரிசை வழியாகக் குனிந்து சுற்றிப் போக வேண்டும். மேசை மேலிருக்கும் காகிதத்தில் கண் படக் கூடாது. யார் எப்போது கேட்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. கழுத்து நரம்பு புடைத்தால் அடுத்த நிமிஷம் கை நீளும். அதற்குள் டம்ளர் அங்கே இருக்கும்.

எல்லோரும் அவளைத் தண்ணியக்கா என்றார்கள். அந்தத் தண்ணியால் ஒருமுறை பெரிய கூத்தாகிவிட்டது. மகள் ஒன்றாம் வகுப்பில் எழுந்து நின்று, "எங்கம்மா பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் தண்ணி ஊத்திக் குடுக்கிறாங்க" என்று பெருமையாகச் சொல்ல, டீச்சர் பதறிப்போய் ஆள் விட்டு அழைத்தார். விஷயம் தெரிந்ததும் டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்துவிட்டு வந்தாள். அந்த நாட்களில் அவளுக்குச் சிரிப்பு சுலபமாக வந்தது.

ஆறு மாதம் முடிகிற அன்று ஒரு சடங்கு நடக்கும். வருகைப் பதிவேட்டில் அவள் பேரை அடித்துவிடுவார்கள். மறுநாள் அவள் வேலையில் இல்லை. அதற்கடுத்த நாள் புதிதாகச் சேர்ந்ததாகக் கையெழுத்து வாங்குவார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளைக்கு யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே, அதற்கான ஏற்பாடு. நடுவில் வரும் அந்த ஒரு நாளுக்குச் சம்பளமும் கிடையாது. ஆனால் சபை நடக்கும் நாளாக இருந்தால் மேற்பார்வையாளர் முந்தின நாளே காதோடு சொல்லிவிடுவார்: "பேருதாம்மா இல்ல. நீ வந்துடு." அவளும் வந்துவிடுவாள். வராமல் இருந்தால் அதற்கடுத்த நாள் பதிவேட்டில் பேர் ஏறுமா என்ற பயம்.

இப்படி முப்பத்தொரு வருஷம். வருஷத்துக்கு இரண்டு என்று அறுபத்திரண்டு நாட்கள் அவள் வேலையில் இல்லை. லிஃப்ட் ஓட்டுகிறவர், பெருக்குகிறவர்கள், தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதான போது வாத்தியார் சபைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து தேர்தலில் நின்று ஜெயித்தவர். வந்த முதல் வாரமே, "உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க தங்கச்சி?" என்று கேட்டார். அவள் சொன்னதை நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். அடுத்த கூட்டத்தில் தற்காலிகப் பணியாளர்களைப் பற்றி எழுந்து பேசினார். "இந்தக் கட்டடத்துல நாம சட்டம் போடறோம். நமக்குத் தண்ணி கொடுக்கிறவங்களுக்கு இங்கயே சட்டம் இல்ல" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவள் தட்டில் தண்ணீர் சிந்தியது. அமைச்சர் எழுந்து, "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லி உட்கார்ந்தார். வாத்தியார் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார். நாலு வருஷம் போராடி, பணி நிரந்தரத் தீர்மானத்தை ஒரு நாள் நிகழ்ச்சி நிரலில் ஏற்றியும்விட்டார்.

அன்றைக்கு அவள் வேலையில் இல்லாத நாள். வழக்கம் போல வந்திருந்தாள்.

தீர்மானத்துக்கு முந்தின இனமாக ஒரு மசோதா இருந்தது. முன்னாள் உறுப்பினர்களுக்கான ஓய்வூதியம் இரண்டு மடங்காகிறது. ஒரே ஒரு நாள் உறுப்பினராக இருந்திருந்தாலும் ஆயுள் வரைக்கும் உண்டு. அவருக்குப் பின்னால் மனைவிக்கும் உண்டு. அதுவரைக்கும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காதவர்களெல்லாம் அன்றைக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கட்சிக்கு ஒருவர் இரண்டு நிமிஷம் ஆதரித்துப் பேசுவது என்று ஏற்பாடு. வாத்தியார் கட்சிக்கு வாத்தியாரைச் சொல்லிவிட்டார்கள்.

அவர் எழுந்தார். "பொது வாழ்வில் உழைத்தவர் முதுமையில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. இருமினார். இருமல் நிற்கவில்லை. தண்ணியக்கா பின்வரிசையைச் சுற்றி ஓடாத குறையாகப் போய் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பித் தந்தபோதும் குனிந்த தலை நிமிரவில்லை. மீதியைக் காகிதத்தைப் பார்த்தே படித்து முடித்தார்.

"ஆம் என்போர்?" என்றார் சபைத் தலைவர். கூரை அதிர்ந்தது. மொத்தமே பதினோரு நிமிஷம். அடுத்த இனத்துக்கு நேரமில்லை, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சபையை ஒத்திவைத்தார்கள். அந்தப் பிறகு வரவே இல்லை. அடுத்த வருஷத் தேர்தலில் வாத்தியார் தோற்றுப்போனார்.

அறுபது முடிந்த அன்று மேற்பார்வையாளர் அவளிடம் வாசல் அனுமதி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மாலை, பாராட்டு எல்லாம் நிரந்தர ஆட்களுக்குத்தான். அவள் ஓய்வூதியப் பிரிவுக்குப் போய் நின்றாள். குமாஸ்தா பதிவேடுகளை இழுத்து வைத்துப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க சர்வீஸ் முப்பத்தொரு வருஷம் இல்லம்மா. ஆறு மாசத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா அறுபத்திரண்டு சர்வீஸ். ஒண்ணோட ஒண்ணு சேராது."

"ஆளு ஒரே ஆளுதானேங்க?"

"ஆளைப் பாக்க மாட்டாங்கம்மா. பேப்பரைத்தான் பாப்பாங்க."

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அலுவலகம் வைத்திருந்த ஒரு வக்கீலம்மா, ஒன்பது தற்காலிக ஆட்களுக்குச் சேர்த்து வழக்குப் போட்டாள். கூலி வாங்காமல்தான் செய்தாள். ஆனால் ஆளுக்கு ஒரு ஆதாரம் கேட்டாள். வேலையில் இல்லாத நாளிலும் வேலை பார்த்ததற்கு ஏதாவது ஒரு சாட்சி. லிஃப்ட்காரருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அப்படி ஒரு நாளில் லிஃப்ட் நடுவில் நின்றுபோய், ரிப்பேர் புத்தகத்தில் அவர் கையெழுத்து இருந்தது. தண்ணீர் கொடுத்ததற்கு யார் கையெழுத்து வாங்குகிறார்கள்?

அவளுக்குத் திடீரென்று அந்த இருமல் ஞாபகம் வந்தது. வக்கீலம்மா சபை நடவடிக்கைப் புத்தகங்களைத் தேடி எடுத்தாள். சபையில் தும்மினாலும் எழுதி வைப்பார்கள் என்பது சும்மாப் பேச்சில்லை. அன்றைய தேதியில், வாத்தியார் பேச்சுக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள் இருந்தது: உறுப்பினருக்குத் தண்ணீர் வழங்கப்பட்டது.

"இது போதுமா?" என்றாள் தண்ணியக்கா.

"யார் வழங்கினாங்கன்னு இல்லையே அக்கா. அவர் வந்து சொல்லணும்."

வாத்தியார் வீட்டு முன்னறையில் மருந்து வாடை. அவர் மனைவிக்கு வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்பு. ஓய்வூதியமும் மருத்துவப்படியும் இல்லாவிட்டால் என்றைக்கோ கதை முடிந்திருக்கும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று முகம் சுருங்கினார். முன்னாள் உறுப்பினர்கள் சங்கத்திலிருந்து, இந்த வழக்கில் தலையிட வேண்டாம் என்று ஏற்கெனவே அவரிடம் பேசியிருந்தார்கள்.

"சங்கத்துக்காரங்க கிடக்கிறாங்க. நான் வரேன் தங்கச்சி" என்றார்.

சொன்னபடியே வந்தார். சலவைச் சட்டை, கையில் ஊன்றுகோல். கூண்டில் ஏறியதும் நேராக நின்றார். தண்ணியக்காவை இத்தனை வருஷமாகத் தெரியும், ஒழுங்கான பெண்மணி, ஒரு நாள் விடாமல் பார்த்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னார். அரசுத் தரப்பு வக்கீல் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் எழுந்தார்.

"அந்தத் தேதியில உங்களுக்கு டம்ளரை நீட்டினது இவங்கதானா? சபையில தண்ணி கொடுக்க மூணு பேர் இருந்தாங்க. நீங்க முகத்தைப் பாத்தீங்களா?"

வாத்தியார் ஊன்றுகோலைக் கை மாற்றிப் பிடித்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தண்ணியக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை.

"சத்தியம் பண்ணிட்டு நிக்கிறேன்" என்றார் அவர். "அன்னைக்கு நான் நிமிந்து பாக்கல."

வெளி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். "நாப்பது வருஷமா பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லாதேன்னு சொன்னவன் தங்கச்சி. நாக்கு வரல."

அவள் கத்தவில்லை. "இன்னைக்குப் பொய் சொல்லச் சொல்லலீங்கய்யா. அன்னைக்கு நிமிந்து பாத்திருக்கலாம்" என்றாள். அவள் படியிறங்கிப் போனாள்.

அவளுடைய மனு தள்ளுபடியானது. தண்ணீர் வழங்கப்பட்டது உண்மை, மனுதாரர் வழங்கினார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். ரிப்பேர் புத்தகம் இருந்ததால் லிஃப்ட்காரருடைய மனு மட்டும் நின்றது. அதை எதிர்த்து அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

அதற்கடுத்த மாதம் வாத்தியாரின் மருமகள் ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே பணம். கதையில் வருகிற மாதிரி அதைத் திருப்பி எறிந்திருந்தால் நமக்கும் சொல்ல நன்றாக இருக்கும். அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்த மகளுக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் உறை வந்தது. மூன்றாவது மாதம் வாத்தியார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவள் சாவு வீட்டுக்குப் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். முன்னாள் உறுப்பினர்கள் வந்து, அவர் மனைவியிடம் குனிந்து, குடும்ப ஓய்வூதியம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தைரியம் சொன்னார்கள். அந்த அம்மாள் தலையாட்டினார். உறையைப் பற்றி அவருக்குத் தெரியாது. தண்ணியக்காவுக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வரவில்லை. யார் மேலாவது வந்திருந்தால் நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இப்போது அவளுக்கு அறுபத்தைந்து. ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறாள். நின்றே செய்கிற வேலை. முழங்கால் வீங்கிக்கொள்கிறது. பேரைக் கேட்டு எழுதிக்கொண்ட காண்டிராக்டர் வயதைக் கேட்கவில்லை. கேட்டால் வேலை தர முடியாது என்று அவருக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு பிற்பகல், லிஃப்ட்காரர் சலவைப் பிரிவு வாசலில் வந்து நின்றார். வந்தவர் மழையைப் பற்றிப் பேசினார், பேருந்துக் கூட்டத்தைப் பற்றிப் பேசினார். சட்டைப் பையை அடிக்கடி தொட்டுக்கொண்டார்.

"அப்பீல் முடிஞ்சு ஆர்டர் வந்துடுச்சா?" என்று அவளே கேட்டாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, உங்களுக்கு வரவேண்டியது முதல்ல…"

"அட, எடுப்பா முதல்ல."

கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, காகிதத்தை வாங்கினாள். பணி நிரந்தரம், பின்தேதியிட்டு, ஓய்வூதிய உரிமையோடு. சேர்ந்த தேதி, பதவி, பேர் என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். சந்தோஷப்படப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போனது. குனிந்துகொண்டு படிப்பதைத் தொடர்ந்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"நீ பிறந்த வருஷம் இதுவா?"

அவர் எட்டிப் பார்த்தார். ஒரு எண் மாறியிருந்தது.

"போ. இப்பவே போ. நாலரைக்குப் பூட்டிடுவாங்க" என்றாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுடாதே. நீ ரிட்டயர் ஆகி வெளிய வர்றப்போ இந்த ஒரு எண்ணைப் பிடிச்சுக்கிட்டு, ஆளே வேறன்னு சொல்லிடுவாங்க. திருத்தினதுக்குப் பக்கத்துல கையெழுத்து, சீல் ரெண்டும் வாங்கு. வாங்கினதை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுல ரெண்டு இடத்துல வை."

அவர் ஓடினார். வாசல் தாண்டி, சாலையைக் கடந்து, நிற்காமல் கிளம்பிய பேருந்தின் பின்படியில் தொற்றிக்கொள்கிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மேற்பார்வைப் பெண், "என்ன பாட்டி, அங்க என்ன வேடிக்கை?" என்று கத்தினாள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.