அம்மாவுக்கு ஒட்டிய உடம்பு

கரையான்சாவடியில் நான் வேலை செய்யும் ஃபிளக்ஸ் பேனர் கடையின் கம்ப்யூட்டரில் ‘பாடி’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. திறந்தால் தலையில்லாத பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சிவப்புப் பட்டு, பச்சைப் பட்டு, கை கூப்பியவள், குத்துவிளக்கு ஏற்றுகிறவள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் முகத்தைக் கழுத்தோடு வெட்டி, பொருத்தமான உடம்பில் ஒட்டி, நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. “கொஞ்சம் கலரா ஆக்கிக் குடு மேடம்” என்று கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மஞ்சள் நீராட்டு பேனர் என்றால் அந்தப் பிள்ளையைத் தாமரைப் பூவில் உட்கார வைக்க வேண்டும், பார்வை தரையில் இருக்க வேண்டும். இப்போது அந்தப் பிள்ளையே அப்பாவோடு கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறது. கூலிங் கிளாஸ் வேண்டும், புல்லட் வண்டி வேண்டும், பின்னால் மலை வேண்டும். ஒருத்தி, “தாமரைலாம் வாணாக்கா, நான் இன்னா சாமியா?” என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவளும் இப்போது முன்னால் வந்து நிற்கிறாள். அம்மாக்கள் மட்டும் மாறவே இல்லை. யார் அம்மாவாக இருந்தாலும் பட்டுக்குள்தான்.

என் அம்மா மண்ணூர்பேட்டையில் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றினாள். மெல்லிய செம்புக் கம்பியை மெஷினில் சுருள் சுருளாகச் சுற்றி எடுக்கும் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே சேர்ந்தவள். அப்பாவுக்கு அது வெளியில் சொல்லக் கூசும் விஷயம். சொந்தக்காரர்கள் கேட்டால், “சும்மா பொழுதுபோக்குக்கு ஆபீஸ் போய்க்கினு கீறா” என்பார். அந்தப் பொழுதுபோக்கில்தான் வெள்ளானூரில் எங்கள் வீடு எழும்பியது என்பதை மறந்தும் சொல்ல மாட்டார். அம்மாவும் திருத்த மாட்டாள். எனக்குத்தான் பொறுக்காது.

அவள் ரிட்டயர் ஆனபோது, கூட வேலை செய்த பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் பேனர் கட்டுவதாக முடிவு செய்து, ஆர்டரை என்னிடமே கொடுத்தார்கள். ஒரு படமும் அனுப்பினார்கள். நீலக் கோட்டு, முடியை மூடிய தொப்பி, மெஷினுக்கு முன்னால் அம்மா. விரல்களுக்கு நடுவே கம்பி இழுபட்டு நிற்க, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பி ‘என்னடி?’ என்று அதட்டுகிற பார்வை. வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே போடுவது என்று தீர்மானித்தேன்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்து கடைக்கே வந்துவிட்டார்.

“சொந்தக்காரங்கலாம் வருவாங்க. கோட்டும் குல்லாவுமா அவளத் தொங்க வுட்டா மானம் இன்னா ஆவறது? பட்டுப் பொடவ போடு.”

“அம்மாவக் கேட்டுட்டுப் போடறேம்பா.”

“அவள இன்னாத்துக்குக் கேக்கணும்?”

ஃபோல்டரில் ஒரு சிவப்புப் பட்டை அவரே விரலால் காட்டினார். அது வளைகாப்புக்கென்று வைத்திருக்கும் உடம்பு. கை நிறையக் கண்ணாடி வளையல், மருதாணி, முந்தானைக்கு அடியில் லேசாக மேடிட்ட வயிறு. கொஞ்ச நாள் முன்புதான் எங்கள் எதிர்வீட்டு மருமகளுக்கு அதை ஒட்டிக் கொடுத்திருந்தேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “போடுன்னா போடு” என்றார். போட்டேன். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அம்மா முகத்தை வெட்டி ஒட்டி, வேண்டுமென்றே நன்றாக வெளுக்கவும் செய்தேன்.

சாயங்காலம் இரண்டு படங்களையும் ஃபோனில் அம்மாவிடம் காட்டினேன். அப்பாவும் அங்கேதான் இருந்தார். பட்டுப் படத்தைப் பார்த்ததும் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள்.

“இன்னாடி இது, ரிட்டயர் ஆவற நேரத்துல என்னப் புள்ளத்தாச்சி ஆக்கிட்ட? எதுர் ஊட்டுப் பொண்ணு வளைகாப்புக்குத் தொங்குச்சே, அந்த ஒடம்புதான இது?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார்.

பிறகு அம்மா அந்த மருதாணிக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. “இது என் கை இல்ல” என்றாள். நீலக் கோட்டுப் படத்தைத் தொட்டு, “இத்தப் போடு. பட்டு நான் கட்டிக்கினு நிக்கறேன்” என்றாள். படத்தில் பார்த்த அதட்டல் அந்தக் குரலில் இருந்தது. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அவள் நிறத்தில் நான் கை வைக்கவில்லை. விழா அன்று பேனரைக் கட்டினார்கள். மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் அம்மா அதன் கீழே நின்றாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் மானத்தைப் பற்றிப் பேசவில்லை, பிரியாணி எப்போது என்றுதான் கேட்டார்கள். கம்பெனிப் பெண்கள் பேனருக்கு முன்னால் மாறி மாறி செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா மட்டும் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். கழற்றச் சொல்லப்போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

“இந்தா, கைல இன்னா வச்சிகினு கீற இதுல?”

“கம்பி. செம்புக் கம்பி.”

“நூலாட்டம் கீது. அறுந்துடாதா?”

அம்மா நாற்காலியைக் கீழே வைத்தாள். பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து, எந்த விரலால் இழுக்க வேண்டும், எந்த விரலால் விட வேண்டும் என்று வெறுங்கையால் காட்ட ஆரம்பித்தாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் வேலையைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.