இல்லாத பிரேக்

மலை பார்க்கப் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். நான் டிரைவரைப் பார்ப்பேன். அவர் கை ஸ்டியரிங்கில் எங்கே இருக்கிறது, வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கிறாரா, முன்னால் போகும் லாரிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி, இவைதான் எனக்குக் காட்சி. பள்ளத்தாக்கு, மேகம், அருவி எல்லாம் கண்ணாடிக்கு வெளியே தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தொழில் அப்படி. எஸ்டேட்டிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்ட ஆரம்பித்தவன், இப்போது புக்கிட் செலம்பாவிலிருந்து கூலிமுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். காலை ஷிப்டுக்குப் போகிற நாற்பது பேர் என் முதுகுக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்கி வருவார்கள். அந்தத் தூக்கம்தான் எனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். இன்னொருவன் ஓட்டுகிற வண்டியில் ஏறி உட்கார்ந்தால் என் வலது கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதிக்கும். கால் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, வாயும் சேர்ந்துகொள்ளும்.

அந்த வாயால் ஒருமுறை கேமரன் மலையில் மானம் போனது. சுற்றுலா பஸ்ஸில் இரண்டாவது வரிசையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் நம் தமிழ்ப் பையன்தான், முப்பது வயதிருக்கும். தாப்பாவிலிருந்து ஏற்றம் தொடங்கியதும் நானும் தொடங்கினேன். "தம்பி, கியரக் கொறைங்க." "தம்பி, ஹாரன் அடிங்க." "தம்பி, அந்த வேன நம்பாதீங்க." அவன் பதினோரு வளைவு வரைக்கும் பொறுத்தான். பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினான். எழுந்து வந்து, தாம்பூலம் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் சாவியை என்னிடம் நீட்டினான்.

"இந்தாங்கண்ணே. நீங்க ஓட்டுங்க. நான் ஒங்க சீட்டுல ஒக்காந்து தூங்கிட்டு வர்றேன்லா."

பஸ்ஸே கை தட்டியது. என் மனைவி துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்தில் பேசவில்லை. ஸ்ட்ராபெரி தோட்டத்திலும் பேசவில்லை. வாங்கிய ஸ்ட்ராபெரியைப் பக்கத்து சீட்டு அம்மாவிடம் கொடுத்தாளே தவிர என் பக்கம் ஒரு பழம் வரவில்லை.

சில மாதம் கழித்து, சுங்கை பட்டாணியில் இருக்கும் அவள் தங்கையும் தங்கை புருஷனும் சுமத்திராவுக்குக் கிளம்பினார்கள். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானம், அங்கிருந்து வாடகை வேன், எரிமலை, ஏரி, ஐந்து நாள். என் மனைவிக்கு மலை என்றால் உயிர். போனைத் திறந்தால் மலைப்படம்தான். தானும் வருவதாகச் சொல்லிவிட்டு, ராத்திரி சாப்பாட்டின்போது எனக்கு நிபந்தனை போட்டாள்.

"நீங்களும் வாங்க. ஆனா டிரைவரப் பத்தியோ ரோட்டப் பத்தியோ ஒரு வார்த்த வந்துச்சு, அதோட முடிஞ்சிச்சு. அடுத்த வருசம் போகணும்னு பேசி வெச்சிருக்கற பனிமலைக்கு நானும் தங்கச்சியும்தான் போவோம். நீங்க வீட்டுல கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருங்க."

அவள் வெறும் மிரட்டலுக்குச் சொல்கிறவள் இல்லை. எனக்கு மலைமேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிள்ளைகள் ஜொகூருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் இல்லாத வீட்டில் பாக்கெட் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதை நினைக்கவே கஷ்டமாக இருந்தது. என்னை விட்டுவிட்டு அவள் சந்தோஷமாகப் போய்விடுவாள் என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

மேடானில் வேன் டிரைவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஒல்லி ஆள். காதில் ஒரு சிகரெட், பற்ற வைக்காதது. என் மனைவி என்னை முன் சீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். பரீட்சை என்றால் முன் பெஞ்சுதான் போலிருக்கிறது. பின்னால் அவளும் தங்கையும். கடைசி சீட்டில் என் சகலை. அந்த மனிதர் சீட்டில் முதுகு பட்டதும் தூங்கிவிட்டார்.

மலையேற்றம் தொடங்கியது. டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாலாக் பழம் உரித்தார். பாம்புத் தோல் மாதிரி தோலுள்ள பழம், உரிப்பதற்கே இரண்டு கை வேண்டும். இரண்டாவது கையும் ஸ்டியரிங்கை விட்டது. முன்னால் முட்டைக்கோசு மூட்டைகளை அடுக்கிக்கொண்டு ஒரு லாரி. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவு. அவர் முழங்கையால் ஹாரனை அமுக்கிவிட்டு லாரியை முந்தினார். என் கால் தரையைத் துளைத்தது. வாய் திறக்கப் போனது. கண்ணாடியில் பார்த்தேன், என் மனைவி என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப் பையில் ஆசாம் போய் பாக்கெட் இருந்தது. புளிப்பும் உப்புமாக ஊறிய காய்ந்த பிளம், வாயில் போட்டால் பேச முடியாது. வளைவுக்கு ஒன்று வீதம் போட்டுக்கொண்டேன். மலை உச்சி ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாக்கெட் காலி. நாக்கு வெந்துவிட்டது.

"எரிமல புகையுது பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்த புகை முன்னால் போன லாரியின் புகை. "ரெண்டு பக்கமும்" என்றேன்.

"அவரப் பாருங்க, எவ்வளவு நல்ல மனுசன். வாயே தொறக்கல" என்று கடைசி சீட்டைக் காட்டினாள். வாய் நன்றாகத்தான் திறந்திருந்தது, குறட்டைக்காக.

மூன்றாம் நாள் ஏரியைப் பார்க்கப் போகும்போது மூடுபனி. நான் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் என் காலைக் குனிந்து பார்த்தார். ரோட்டைப் பார்க்க வேண்டிய மனிதர் என் காலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"காக்கி சாகிட், பாக்?" கால் வலிக்கிறதா ஐயா என்று கேட்கிறார்.

கண்ணாடியில் என் மனைவியின் கண் பெரிதாகியது. இல்லை என்றால் ஏன் மிதிக்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் பனிமலை போய்விடும். "ஆமாம், வலி" என்றேன்.

அவ்வளவுதான். நல்ல மனிதர், வேனை ஒரு காப்பிக் கடை முன்னால் நிறுத்திவிட்டார். அந்த ஊர்த் தைலம் ஒரு பாட்டிலோடு வந்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். தன் குடும்பமே கால் பிடிப்பதில் பேர்போனது என்றார். பிறகு கெண்டைக்கால் சதையைப் பிடித்துத் துணி பிழிவதுபோல் பிழிந்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் கத்திய கத்தலில் கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார், சகலைகூட விழித்துக்கொண்டார். "நரம்பு இழுத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு டிரைவர் கணுக்காலையும் ஒரு திருகு திருகினார்.

என் மனைவி தூணில் சாய்ந்துகொண்டு, தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் நான் ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே, என்ன செய்ய முடியும் அவளால்?

அதுவரை இல்லாத வலி அதற்கப்புறம் நிஜமாகவே வந்துவிட்டது. ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அருவி, அதற்கு இறங்க நூற்றுக்கணக்கான படிகள். மற்றவர்கள் இறங்கினார்கள். நானும் டிரைவரும் மேலே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அவர் காதிலிருந்த சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடியே, "ஐயாவும் டிரைவர்தானே?" என்று மலாயில் கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"முதல் நாளே தெரியும்" என்றார்.

அவர் என் காலைப் பிழிந்தது வைத்தியமா பழியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். ஓடாத இடத்தில், ஓடாத பெஞ்சில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் நான் ஒரு மலையைப் பார்த்தேன். மூடுபனி விலகி, ஏரி கீழே விரிந்து, அதைச் சுற்றி மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. இதற்காகத்தான் அவள் இத்தனை வருஷமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று தோன்றியது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஊருக்குத் திரும்பி, கால் வீக்கம் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஜெராய் மலைக்குப் போவோம்" என்றேன். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தினமும் தெரிகிற மலை. எங்கே ஓடிவிடப் போகிறது என்று இத்தனை வருஷமாக ஏறாமலே இருந்துவிட்டோம். குருண் ஊர்ப் பக்கமாக ஏறினோம். என் கார், என் ஸ்டியரிங், என் பிரேக். ராஜா மாதிரி ஓட்டினேன். உச்சியில் குளிர்ந்த காற்று. கீழே யான் ஊர் வயல்கள் பச்சைப் பாயாக விரிந்து கடல் வரைக்கும் போயின. அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பனிமலைக்கு நாலு பேருன்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் திரும்பாமலே.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இறங்கும்போது தலைகால் புரியவில்லை. வளைவுகளில் ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே வந்தேன்.

"அஞ்சு நாளு நான் பட்ட பாடு ஒனக்கு என்ன தெரியும்? ஒருத்தன் ஓட்ட, பக்கத்துல ஒக்காந்து வாயக் கட்டிக்கிட்டு வர்றது லேசுப்பட்ட காரியம்னு நெனச்சியா? வேற எவனா இருந்தா..."

சொல்லிக்கொண்டே பக்கத்து சீட்டுக்குத் திரும்பினேன். அவள் முகம் அமைதியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே அவள் வலது கால் விரைத்துப்போய், விரல்கள் வெளுக்கும் அளவுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு தேய்ந்து ஓட்டையாகி அடித்தகடு தெரிந்தது. என் பக்கத்து விரிப்பில்கூட அவ்வளவு தேய்மானம் இல்லை.

"எத்தன நாளா இது?" என்றேன்.

"கல்யாணமான மறுநாள்லேர்ந்து."

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா அப்புறம் என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டீங்க."

நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்தேன். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துவிட்டு எங்களை முந்திக்கொண்டு போனது. குருண் வந்து சேரும் வரை நான் அப்படியேதான் ஓட்டினேன்.