சிவப்பு லைனில் ஓம் சொல்லக் கூடாது

1. முதல் நாள்

துறைமுக அலுவலகத்தில் டெலிபோன் ஒப்பரேற்றராகச் சேர்ந்த அன்று, சுப்பவைசர் ஐயா சுவிட்ச்போர்ட்டில் ஒவ்வொரு லைனாகக் காட்டினார். ஸ்டோர்ஸ், கிரேன் பகுதி, கப்பல் பைலட், ஆஸ்பத்திரி. கடைசியில் சிவப்பு மை பூசிய ஒன்று.

"இது மலைக்குக் கீழ நிக்கிற கதவுக்காரரின்ர லைன், பிள்ளை. ஒவ்வொரு நாளும் எடுப்பினம். 'கதவு பூட்டியிருக்கு, ஆள் நிக்குது' எண்டு சொல்லுவினம். நீர் 'சரி' எண்டு சொல்லிப்போட்டு வையும். 'ஓம்' எண்டு மட்டும் வாயில வரக்கூடாது."

"ஏன் சேர்?"

"எனக்கும் தெரியாது. எனக்கு முன்னம் இருந்தவர் அப்பிடித்தான் சொன்னவர்."

கதவுக்காரரைப் பற்றித் துறைமுகத்தில் கேள்விப்படாதவர் இல்லை. குள்ளர்கள், தங்கள் இனத்திலேயே பொறுக்கியெடுத்த சண்டைக்காரர்கள். மலைக்குள் இருக்கும் இரும்புக் கதவுக்குக் காவல். கதவுக்குப் பின்னால் என்ன என்று வெள்ளைக்காரனும் கேட்கவில்லை, பிறகு வந்த நாங்களும் கேட்கவில்லை. மாற்றாள் வராமல் ஒருவரும் இடத்தை விட்டு விலக மாட்டார்களாம். செத்தாலும் நின்றபடிதானாம். நான் இதையெல்லாம் கன்ரீன் கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

2. நூர்தீனின் வாய்

என்னோடு மாறி மாறி போர்ட்டில் இருந்தவர் நூர்தீன். மூதூரிலிருந்து லோஞ்சில் கடல் கடந்து வருவார். நாலு பிள்ளைகளின் தகப்பன், தங்கமான மனிசன். ஒரு குறைதான்: யார் கதைத்தாலும் ஓம் போடாமல் கேட்க அவருக்கு ஏலாது. எங்கள் பக்கத்தில் 'ஆம்' என்பதற்கு ஓம்; கதை கேட்கும்போது அதைச் சொல்வதுதானே மரியாதை.

ஒருநாள் மத்தியானம் நான் வேலைக்கு வந்தபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

"அக்கா, சிவப்பு லைனில வழமையான கதை இல்லை. 'மூத்தவன் நிண்டபடி செத்துப்போனான்' எண்டு சொன்னாங்க. பாவமெண்டு ஓம் எண்டன். 'இடம் வெறுமையாக் கிடக்கு' எண்டாங்க. ஓம் எண்டன். அந்த நேரம் பைலட் லைனும் அடிச்சது. அவங்க ஏதோ கேட்டாங்க, விளங்காமலே ஓம் எண்டிட்டன்."

"என்ன கேட்டவை?"

"'கோடாலியை நீ எடுப்பியோ' எண்டுதான் இப்ப நினைவு வருது."

3. மேலே வந்தவர்

அவர் சொல்லி வாய் மூட முதல் தட்டச்சு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாசலில் ஒருவர் நின்றார். உயரம் எங்கள் மேசையளவு, அகலம் அலுமாரியளவு. உடம்பு முழுக்க இரும்பு, ஆனால் நடந்தபோது ஒரு சத்தமும் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. விரித்த இரண்டு கைகளிலும் ஒரு கோடாலியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல ஏந்தியிருந்தார். பட்டப்பகலில் அறைக்குள் கிணற்றுக் குளிர் அடித்தது.

"மூண்டு தரம் ஓம் சொன்னவன் ஆர்?"

நூர்தீன் கதிரையோடு ஒட்டிப்போனார். "கீழ போனா எப்ப திரும்பி வரலாம்?" என்று மெல்லக் கேட்டார்.

"மாத்தாள் வந்து மூண்டு தரம் ஓம் சொன்னா வரலாம். கீழ எங்கட ஆக்கள் முடிஞ்சுபோச்சினம்."

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. நாலு பிள்ளைகளின் தகப்பனை ஒரு சொல்லுக்காகக் கொண்டுபோவதா?

"ஐயா, காவலில நிக்கிறவனை இடையில எழுப்பிக்கொண்டு போறது உங்கட முறையோ?"

"இல்லை."

"இவர் இந்த போர்ட்டில காவல். இவருக்கு மாத்தாள் நான். நான் இன்னும் ஓம் சொல்லேல்லை."

அவர் சுவிட்ச்போர்ட்டுக்குக் கிட்ட வந்தார். பிறகு கோடாலியை அதன் மேல் வைத்தார்.

"கோடாலி எங்கயோ, கதவு அங்க. இது நிலத்தில படக்கூடாது. ஆளில்லாமல் இருக்கவும் கூடாது. கடைசியாய் ஓம் சொன்னவர் விலக ஏலாது."

கதவுக்காரர் போனதும் நான் மூன்று தரம் ஓம் சொல்லி போர்ட்டில் இருந்தேன். நூர்தீன் எழும்பி லோஞ்சைப் பிடிக்க ஓடினார். அன்றிலிருந்து எங்கள் டியூட்டி மாற்றம் அப்படித்தான் நடந்தது.

4. ஒட்டோமெற்றிக்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒப்பரேற்றர் இல்லாமலே லைன் கொடுக்கும் ஒட்டோமெற்றிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. போர்ட்டைக் கழற்ற ஆட்கள் வந்த அன்று நூர்தீன் கதிரையில் இருந்தார். இனி மாற்றாள் கிடையாது. கோடாலியோடு யார் எழும்புகிறாரோ, அவர் அதன் பக்கத்திலேயே மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும்.

"நீங்க போங்க அக்கா. நான் பாத்துக்கொள்றன்."

எனக்கு வீட்டில் காத்திருக்க யாருமில்லை. அவர் என் வாயைப் பொத்த முதல் மூன்று ஓமையும் சொல்லி முடித்தேன். அந்த மனிசன் அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுதார். நான் கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெற் போட்டான்.

இப்போது அது என் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. துருப் பிடிப்பதில்லை. நாள்தோறும் அலுமாரிக்குப் பின்னாலிருந்து கதவுக்காரரின் குரல் வரும்.

"கதவு?"

"பூட்டியிருக்கு. ஆள் நிக்குது" என்பேன்.

நான் வாசல் படலையைத் தாண்டிக் கனகாலம். நூர்தீன் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவருவார், படலையிலேயே வாங்கிக்கொள்வேன். உள்ளே விட்டால் என்னை விடுவிக்க வேண்டுமென்றே மூன்று ஓமும் சொல்லிவிடுவார்.

துறைமுக வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விளங்காததற்குத் தலையாட்டாதீர்கள். அவர்கள் பழைய கதை கேட்க இங்கே வருவார்கள். நான் சொல்லச் சொல்ல ஓம் போடுவார்கள். "சரி எண்டு சொல்லுங்கோ பிள்ளையள்" என்று முதல் ஓமிலேயே நிறுத்திவிடுவேன். இப்போது முழங்காலும் ஏலாது, கண்ணும் மங்கல். சில நாட்களில் இரண்டாவது ஓம் வரைக்கும் தடுக்காமல் விட்டுவிடுகிறேன்.